மாத்திரையைக் குறை சொல்லாதவர்

எங்கள் ஆஸ்பத்திரி கேண்டீன் சாம்பாரை வாய் நிறையப் புகழ்ந்த ஒரே மனிதர் அவர்தான். அந்தச் சாம்பாரைக் காய்ச்சுகிற மாஸ்டரே வீட்டிலிருந்து டிபன் கட்டிக்கொண்டு வருகிறவர். இவர் அவரிடமே போய், "அண்ணே, பெருங்காயம் கமகமங்குது. வீட்டுச் சாம்பார் தோத்துச்சு" என்று சொல்லிவிட்டு வருவார். கிண்டல் செய்கிறாரோ என்று மாஸ்டர் கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். கிண்டலெல்லாம் இல்லை. அவர் சுபாவமே அதுதான்.

ஒரு தடவை ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் புது நர்ஸ் ஒருத்தி அவர் கையில் அங்கும் இங்கும் குத்திக்கொண்டிருந்தாள். வேறு ஆளாக இருந்தால் வார்டே இரண்டுபட்டிருக்கும். இவர் சொன்னார்: "பயப்படாதத்தா. ஒன் கையி பூ மாதிரி இருக்கு. குத்துனதே தெரியல." அழப்போன பெண் சிரித்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வலித்தது எனக்குத் தெரியும். நாற்காலிக்கு அடியில் அவருடைய கால் கட்டைவிரல் செருப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் அறையில் அவருக்கு 'சூப்பர் அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தோம். எதைக் கேட்டாலும் சூப்பர். மழை பெய்தால் சூப்பர், வெயில் அடித்தால் துணி காயும், அதுவும் சூப்பர். ஊரே இப்படி ஒரு ஆளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும். எனக்கு மட்டும் அவரைக் கண்டால் எரிச்சல் வரும். காரணம் என்னுடைய வேலை.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் கல்லீரல் பிரிவில் நான் இருந்தேன். கல்லீரலில் ஊறுகிற பித்தநீர் குடலுக்குப் போய்ச் சேராமல் தேங்கி, ரத்தத்தில் கலந்துவிடுகிற அபூர்வமான நோய் ஒன்று உண்டு. குடிப்பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்த நோய் வந்தவர்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கொசு கடித்த அரிப்பு இல்லை, தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிற அரிப்பு. சொறிந்தால் தீராது, ரத்தம்தான் வரும். அதற்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அரிப்பை அது நிறுத்துகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் வருஷக்கணக்கில் அதைச் சாப்பிட்டால் உடம்பை என்ன செய்யும் என்பது யாருக்கும் தெரியாது. நோய் அபூர்வம், ஆகவே ஆட்களும் குறைவு. அந்தக் குறைந்த ஆட்கள் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

வாயைத் திறக்க வைப்பதுதான் என் வேலை. மாசம் ஒருமுறை போன் செய்வேன். வயிறு எப்படி, பசி எப்படி, தூக்கம் எப்படி, புதிதாக எங்காவது வலிக்கிறதா என்று கேட்பேன். எங்கள் டாக்டர் வேடிக்கையாகச் சொல்வார்: "மாத்திரையைப் பத்திக் கோள் சொல்ற ஆளுதான் நமக்கு வேணும். நல்ல பேரு வாங்கிக் குடுக்க கம்பெனிக்காரன் இருக்கான்."

நம் ஊரில் கோள் சொல்ல ஆளுக்கா பஞ்சம் என்று நினைத்துத்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். பிறகுதான் தெரிந்தது. மாமியாரைப் பற்றிச் சொல்வார்கள், பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்வார்கள், மாத்திரை கொடுத்த டாக்டரிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்லமாட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறவரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். அந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் இவர்.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா. நீங்க சாப்டீங்களா?"

"வயிறு எப்படி இருக்கு?"

"அது சூப்பரா இருக்கு. அன்னன்னைக்குள்ளது அன்னன்னைக்கே சுத்தமாயிருது."

"பேதியா போகுதாண்ணே?"

"சேச்சே. சுத்தமாகுதுங்கிறேன்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவண்ணே?"

"வயித்துக்குத் தோணுறப்பல்லாம் போகுது. நல்லதுதானம்மா?"

இதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது? பின்னால் அவர் மனைவி, "இல்லம்மா, இவுக ராத்திரிக்கு..." என்று ஆரம்பிப்பது காதில் விழும். உடனே இவர் குரல் வரும்: "அடுப்புல பால் பொங்குது பாரு." ஒருநாள் அவர் கடையில் இருந்தபோது போன் செய்தேன். அன்றைக்கும் அவர் வாயில் பால் பொங்கியது. பழக்கதோஷம்.

அவர் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் சேல்ஸ்மேன். வீடு திருப்பரங்குன்றத்தில். ஒல்லியான ஆள். எப்போதும் தேய்த்த வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான்வரை போட்டிருப்பார். கடையில் அதுதான் யூனிபார்ம் என்பார். மற்ற பையன்கள் எல்லாரும் முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு திரிவதை நான் பிற்பாடு பார்த்தேன்.

நோய் வந்த கதையை அவர் மனைவிதான் ஒருநாள் வராந்தாவில் வைத்துச் சொன்னார். இவர் சோதனைக்கு ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்தார். அக்கா சொன்னது மாத்திரைக்கு முந்தின காலத்துக் கதை. பட்டு விரிக்கிற கை. நகம் பிசிறடித்தால் சேலையில் இழை எழும்பிவிடும் என்று சதை தெரிய நகத்தை வெட்டிக்கொள்வாராம். அரிப்பு வந்தால் சொறிய நகமும் இருக்காது. வாடிக்கையாளர் முன்னால் சொறிந்தால் தொத்து வியாதி என்று எழுந்து போய்விடுவார்கள். அதனால் சிரித்தபடியே நின்று, சேலையை விரித்து, முந்தியைத் தன் தோளில் போட்டுக் காட்டி, "எடுப்பா இருக்குல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே கால் விரலால் தரையை அழுத்திக்கொள்வாராம். கல்லீரல் நோய் என்று தெரிந்ததும் முதலாளி ஜாடையாக, "என்னய்யா, பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். சாராய வாடைகூடத் தெரியாத மனிதர். அதற்கும் முதலாளியைக் குறை சொல்லவில்லையாம். "அக்கறையிலதான கேக்குறாரு" என்றாராம்.

"வீட்டுக்கு வந்தா நான் சீப்ப வச்சு முதுகுல இழுத்துவிடுவேன். ஈரத்துண்ட மேல போட்டுக்கிட்டு ஒக்காந்திருப்பாக. வருசக்கணக்கா ரெண்டு பேரும் ஒழுங்காத் தூங்குனதில்ல. இந்த மாத்திரையப் போட ஆரம்பிச்சு ஒரு நாளு, அசந்து தூங்கிட்டாக. எனக்குப் பயமாப் போச்சு. மூக்குல கைய வச்சுப் பாத்தேன், மூச்சு வருதான்னு."

அந்த அக்கா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு தூக்கத்துக்காக அவர் இந்த மாத்திரைக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்று தோன்றியது. என் எரிச்சல் கொஞ்சம் குறைந்தது அன்றைக்குத்தான். இருந்தாலும் முழுதாகப் போய்விடவில்லை. அவரை உட்காரவைத்து விளக்கிப் பார்த்தேன்.

"அண்ணே, நாங்க மாத்திரையத் திட்டச் சொல்லல. என்ன பண்ணுதுன்னு சொல்லச் சொல்றோம். அம்புட்டுதான்."

"விருந்துக்குப் போன வீட்டுல உப்பு பத்தலன்னு சொல்லுவாகளாம்மா?"

"இது விருந்து இல்லண்ணே."

"எனக்கு விருந்துதான்" என்றார்.

அந்த மாதத்து மாத்திரையை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்பினேன்.

என் நாத்தனார் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவர் கடைக்கே போனேன். தெரிந்த ஆள் என்றால் நாலு சேலை கூடுதலாகப் பிரித்துப் போடுவாரே. போனவளை மெத்தையில் உட்காரவைத்து, காபி வரவழைத்து, அவர் போட்ட அமர்க்களத்தைச் சொல்லி முடியாது. பச்சையை எடுத்தால் "மீனாட்சி கலரு". மாம்பழ மஞ்சளை எடுத்தால் "பளிச்சுனு எடுத்துக் காமிக்கும்". பழுப்பா சாம்பலா என்று தெரியாத ஒன்றை வேண்டுமென்றே எடுத்தேன், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று. "இது அடக்கமான கலரும்மா. ஆபீஸ் போற பொம்பளைகளுக்குன்னே நெய்திருக்கான்" என்றார். தோற்றது நான்தான்.

பக்கத்தில் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள். அந்த அம்மா சுருக்குப்பையை மடியிலேயே அழுத்திப் பிடித்திருந்தார். மகள் ஒரு அரக்குச் சிவப்பை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள். அம்மா அவரிடம் கேட்டார், "இது எப்படிண்ணே?" அவர் "நல்லா இருக்கும்மா" என்றார். சொல்லிக்கொண்டே அந்தச் சிவப்பை மெதுவாக மடித்தார். பேச்சோடு பேச்சாக அது குவியலின் அடியில் போனது. இன்னொரு சிவப்பு மேலே வந்தது. முந்தி அவர் தோளில் ஏறியது. "அதவிட இது இன்னும் நல்லா இருக்கும், பாருத்தா. ஒன் நெறத்துக்கு இதுதான்." மகள் முகம் மலர்ந்துவிட்டது. விலையும் குறைவு. கல்லாவில் இருந்த முதலாளி கழுத்தை நீட்டிப் பார்த்தார். இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவர்கள் போன பிறகு கேட்டேன், "மொதச் சேலைக்கு என்னண்ணே?"

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்ல சேலைதாம்மா. சாயம் நிக்காது. அதோட வந்த சரக்குல ஒண்ண எங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நனைச்சுப் பாத்தேன். கட்டிப் போற வீட்டுல மொத நனைப்புலயே சாயம் போச்சுன்னா அந்தப் புள்ளயத்தான பேசுவாக?"

"ஏன், சாயம் போகும்னு நேராச் சொல்றதுதான?"

"எதையும் மட்டம்னு சொல்லக்கூடாதும்மா. யாரோ ஒருத்தன் கண்ணு வலிக்க நெய்திருக்கான். இதவிட அது நல்லா இருக்கும்னு சொல்லிட்டாப் போச்சு."

"அப்ப நான் எடுத்த மாம்பழ மஞ்சளு?"

"அதுவும் போகும்" என்றார், முகம் மாறாமல். "நீங்க ட்ரை வாஷ் குடுப்பீங்கல்ல?"

எடுத்த வேகத்தில் திருப்பிக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்துப் போட்டார். அந்தச் சேலை இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது, சாயம் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போலப் போயிருக்கும். அவர் மெலிந்துகொண்டே வந்தார். கேட்டால், "சட்டை புதுசும்மா, தொளதொளன்னு தச்சுட்டான்" என்பார். மாத்திரை வாங்க வருகிற நாட்களில் வராந்தாப் பெஞ்சில் கையை ஊன்றி உட்கார்வதும், எழும்போது சுவரைப் பிடிப்பதும் கண்ணில் பட்டன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிற ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. "அண்ணே, என்னமோ மறைக்கிறீங்க" என்று போனில் சண்டையே போட்டேன். "ஒங்ககிட்ட மறைப்பேனாம்மா? அடுப்புல பால்..." என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பதை நான் காது குளிரக் கேட்டது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கீழக்குயில்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். காலேஜில் படித்துக்கொண்டிருந்தவள். அதே நோய். அரிப்பு தாங்காமல் காலேஜுக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். வராந்தாவில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, துப்பட்டாவுக்குள் ஒரு சீப்பை மறைத்துக் கையை இழுத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் அந்த மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு இவரும் மாத்திரை வாங்க வந்திருந்தார். என் அறைக் கதவு திறந்திருந்தது, எதிரே பெஞ்சு.

சீப்பைப் பார்த்ததும் இவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் அம்மா பேச்சுக் கொடுத்தார். எத்தனை வருஷமாக இந்த வியாதி, யார் டாக்டர், எந்த ஊர். பிறகு இவர் கையிலிருந்த மாத்திரைப் பொட்டலத்தைக் காட்டிக் கேட்டார்:

"எம்மகளுக்கும் இதத்தான் குடுக்கப் போறாகளாம். இது எப்படிண்ணே?"

நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். இவர் "நல்லா..." என்று வாயைத் திறந்தார்.

அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கையில் இருந்த சீப்பைப் பார்த்தார். "அரிப்பு நின்னுரும்த்தா. அது சத்தியம்" என்றார். அதோடு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே என் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, என் எதிரே உட்கார்ந்தார். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டு மேஜையில் கையை நீட்டினார்.

கை முழுக்க ரத்தம் கட்டியிருந்தது. நாவல்பழம் நசுங்கின மாதிரி, புதியது பழையது என்று ஒன்றன்மேல் ஒன்றாக.

"எங்கண்ணே அடிபட்டுச்சு?"

"எங்கயும் படல. சேலைக் கட்ட லேசாத் தூக்குனாக்கூட இப்படி ஆயிருது. பல்லு வெளக்குனா ரத்தம் நிக்கிறதில்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்தப் புள்ளைக்குக் குடுக்கப் போறீங்களாம்மா?"

"ஆமாண்ணே."

"அப்ப எழுதிக்கங்க."

பிறகு அவர் பேசினார். எத்தனை மாசத்துப் பேச்சு அது. மாத்திரை நல்ல மாத்திரைதான், ஆனால் பேதி நிற்பதே இல்லை. கடையில் அடிக்கடி எழுந்து போக முடியாது என்று பகலில் சாப்பிடுவதையே விட்டிருக்கிறார். மாத்திரையை ஒண்ணும் சொல்வதற்கில்லை, ஆனால் சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டுவதில்லை, எண்ணெய் எண்ணெயாக வெளியே போய்விடுகிறது. மாத்திரை தெய்வம் மாதிரி, ஆனால் இடுப்பு எலும்பு கழன்ற மாதிரி வலிக்கிறது, இரண்டு மாசமாகப் பேருந்துப் படி ஏற முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மாத்திரைக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வாசித்துவிட்டுத்தான் சொன்னார். பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் புகார் சொல்ல வந்த தகப்பன் மாதிரி இருந்தது. சொல்லி முடித்தபோது அவர் கண்ணில் நீர் நின்றது.

"சொல்லக் கூடாதுன்னுதாம்மா இருந்தேன். எனக்குத் தூக்கம் குடுத்த மாத்திர. அதப் போயி... ஆனா அந்தம்மா 'எப்படிண்ணே'ன்னு கேட்டுருச்சே."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரம் முந்திக்கொண்டது. "கூறு இருக்காண்ணே உங்களுக்கு? கையில கட்டுன ரத்தம் தலைக்குள்ள கட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா?" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்திருக்கும். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்லாத்தான் திட்டுறீங்கம்மா. என் கூடப்பொறந்த அக்கா இப்படித்தான் திட்டும்" என்றார். அந்த நேரத்திலும் என் திட்டுக்கு ஒரு பாராட்டு!

அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் உறைவதற்கு வேண்டிய சத்தும் எலும்புக்கு வேண்டிய சத்தும் உடம்பில் தங்கவே இல்லை. சாப்பாட்டிலுள்ள கொழுப்பு உடம்பில் சேர்ந்தால்தான் அந்தச் சத்துகளும் சேரும், மாத்திரை இரண்டையும் சேர்த்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. உடனே படுக்கையில் சேர்த்து ஊசி போட ஆரம்பித்தார்கள். சாயங்காலம் டாக்டர் அவர் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"இன்னைக்குச் சொன்னீங்க, நல்லதாப் போச்சு. கொஞ்ச நாளைக்கு மாத்திரைய நிறுத்தணும். அரிப்பு திரும்பி வரும். சமாளிப்பீங்களா?"

"வரட்டும் சார். பழகின ஆளுதான" என்றார்.

அவருடைய மனைவி தலைமாட்டில் நின்றிருந்தார். கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். உள்ளே பழைய சீப்பு இருந்தது எனக்குத் தெரிந்தது. அதை அவர் தூக்கிப்போடவே இல்லை போலிருக்கிறது.

நான் அந்த வாரம் முழுக்க மற்ற எல்லாருக்கும் போன் செய்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை. "இதே மாத்திரைய ஒரு காலேஜ் புள்ளைக்குக் குடுக்கப் போறோம். அவ அம்மா உங்ககிட்ட வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்னும் சிலருக்கும் பல் ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. எல்லாரையும் வரவழைத்துப் பரிசோதித்து, மாத்திரையோடு சேர்த்து அந்தச் சத்துகளையும் கொடுக்க ஆரம்பித்தார்கள். கீழக்குயில்குடிப் பெண்ணுக்குத் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். அவளுக்கு அரிப்பு நின்றது. ஈறில் ரத்தமும் வரவில்லை. அவள் மறுபடி காலேஜுக்குப் போனாள். தனக்காக ஒருவர் சட்டைக் கையை ஏற்றினார் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லட்டுமா என்று இவரைக் கேட்டேன். "படிக்கிற புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கும்மா" என்றுவிட்டார்.

மாத்திரையை நிறுத்தியிருந்த அந்த நாட்களில் ஒருமுறை போன் செய்தேன். வாய்ப் பழக்கத்தில் அதே கேள்விதான் வந்தது.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

கடையில் யாரோ விலை கேட்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லா இல்லம்மா" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. எத்தனையோ மாசமாக அதைப் பிடுங்கத்தான் சண்டை போட்டிருந்தேன். வந்ததும் தேதி போட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

"அரிக்குது. உள்ளங்கால்லயும் உள்ளங்கையிலயும். நேத்து முந்திய விரிக்கையில கை நின்னுருச்சு. கடைப் பையன் வந்து வாங்கிக்கிட்டான். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேண்ணே."

"அப்பச் சரி. நீங்க சாப்டீங்களா?"

சில மாதங்களில் ஊசியாலும் சத்து மருந்தாலும் உடம்பு தேறியது. குறைந்த அளவில் மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். தூக்கமும் திரும்பியது. அதற்குப் பிறகு அவரை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. விக்கல் வந்தாலும் போன் செய்வார். "மாத்திர சூப்பரும்மா, ஆனா நேத்து காதுல ஒரு மாதிரி கொய்ங்னு கேட்டுச்சு. எழுதிக்கங்க." அது பக்கத்துத் தெரு மைக்செட்டாக இருக்கும் என்பேன். "எதுக்கும் எழுதிக்கங்கம்மா" என்பார். கேண்டீன் சாம்பாரை மட்டும் கடைசிவரை குறை சொல்லவில்லை.

சில நல்ல வருஷங்கள் அவருக்குக் கிடைத்தன. ஆனால் நோய் நோய்தானே. மாத்திரை அரிப்பைத்தான் நிறுத்தியது, கல்லீரல் உள்ளே சுருங்கிக்கொண்டேதான் இருந்தது. மாற்றுக் கல்லீரலுக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். முறை வரவில்லை. அவர் போனபோது நான் புகுந்த வீட்டு விசேஷத்துக்காகத் தூத்துக்குடியில் இருந்தேன். திரும்பி வந்துதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை துக்கம் கேட்கப் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். நான் பார்க்கிற வேலைக்குச் சாவையும் விசாரிக்க வேண்டும். எப்படிப் போனார், கடைசி நாட்களில் உடம்பு என்ன செய்தது, மாத்திரை காரணமா இல்லையா. அதை அந்த அக்காவிடம் எந்த வாயால் கேட்பது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் எண்ணிலிருந்தே போன் வந்தது. திரையில் அவர் பெயர்தான் இருந்தது. எடுத்தேன். அந்த அக்காதான்.

"இன்னைக்கு நீங்க போன் பண்ற நாளும்மா. நீங்க கூப்புடத் தயங்குவீங்களாம், நீயே பண்ணிச் சொல்லிருன்னு சொல்லிட்டுப் போனாக. எழுதிக்கிறீங்களா?"

நான் பேனாவை எடுத்தேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். எப்போது பசி நின்றது, வயிறு எப்போது வீங்கியது, கால் எப்போது, சிறுநீர் என்ன நிறம், எந்த நாளிலிருந்து மாத்திரை உள்ளே இறங்கவில்லை, எப்போதிலிருந்து ஆள் அடையாளம் தெரியவில்லை. பல் ஈறில் ரத்தம் கடைசிவரை இல்லை. அரிப்பும் இல்லை. குரல் உடையாமல், ஒன்றையும் விடாமல், மனப்பாடம் செய்ததைப் போலச் சொன்னார். அப்படித்தான் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்.

"எதையும் விட்டுறாத, பின்னால வர்ற புள்ளைகளுக்கு ஆகும்னாக. அம்புட்டுதாம்மா."

"சரிக்கா" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். "நீங்க எப்படிக்கா இருக்கீங்க?"

"நான் நல்லா இருக்கேம்மா" என்றார் அந்த அக்கா. "இருங்க, அடுப்புல பால் வச்சிருக்கேன்."

போன் வைக்கப்பட்டது. நான் டாக்டரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறினேன்.